பாரன் பொன்னுஸுக்கு இரண்டு மார்க்

1

ஊரிலிருந்து யார் ஃபோன் செய்தாலும் முதல் கேள்வி, "பெங்களூர்ல இப்பவும் குளிருதா?" என்பதுதான். ஆரணி வெயிலில் காய்கிறவர்களுக்கு இந்த ஊரைப் பற்றி வேறு சந்தேகமே வராது போலிருக்கிறது. குளிருகிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறோம். இரண்டாவது கேள்வி, "மாப்பிள்ளை ஆபீசர் ஆயிட்டாராமே?" அதுவும் ஆகிப் பல வருஷமாயிற்று. மூன்றாவது கேள்வி வருவதற்குள் எஸ்.டி.டி. மீட்டர் ஞாபகம் வந்து ஃபோனை வைத்துவிடுவார்கள். அந்த மூன்றாவது கேள்வி என்னைப் பற்றியதாக இருக்கும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது நம்புவதில்லை. அதனால் நீங்கள் கேட்காமலே எழுதுகிறேன்.

போன வாரம் சமையலறையில் உட்கார்ந்து மொச்சை பிதுக்கிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் குளிர்காலம் வந்தால் மொச்சை இல்லாத வீடு கிடையாது. ஹாலில் என் மகன் பிரபு குறுக்கும் நெடுக்குமாக நடந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். பி.ஏ. இரண்டாம் வருஷம். ஹிஸ்டரி, எகனாமிக்ஸ், பொலிடிகல் சயின்ஸ். இன்ஜினீயரிங் கிடைக்காத பிள்ளைகளை இந்த ஊர் காலேஜ்கள் அடைத்து வைக்கிற இடம் அது. மறுநாள் அவனுக்கு உலக வரலாற்றில் இன்டர்னல் டெஸ்ட். நெப்போலியனைத் தோற்கடித்த நாடுகள் வியன்னாவில் கூடி ஐரோப்பாவைப் பங்கு போட்டுக்கொண்ட மாநாடு பற்றிய பாடம்.

"சாக்ஸனி தகராறை ஆஸ்திரிய மந்திரி பாரன் பொன்னுஸ் தீர்த்து வைத்தார். ஆளுக்குப் பாதி என்ற அவருடைய யோசனையை எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்டன" என்று இங்கிலீஷில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு, ராகம் போட்டு.

என் கையிலிருந்த மொச்சை அப்படியே நின்றது. பாரன் பொன்னுஸ் என்று ஆஸ்திரியாவில் ஒரு மந்திரி இருந்ததே இல்லை. வேறு எந்த நாட்டிலும் இருந்ததில்லை. அந்த ஆளைப் பெற்றவள் நான்தான்.

2

முதலில் என் படிப்பைச் சொல்லிவிடுகிறேன், இந்த வீட்டில் அதை வேறு யாரும் சொல்லப்போவதில்லை. நான் வேலூரில் ஹாஸ்டலில் தங்கி வரலாறு படித்தவள். பி.ஏ.வில் வகுப்பிலேயே முதல். எம்.ஏ. சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த சமயத்தில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஜெயராமனுக்கு பெங்களூரில் பொதுத்துறை ஃபேக்டரியில் வேலை, டிப்ளமா. பெண் மேலே படிக்க ஆசைப்படுகிறாள் என்று என் அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டில் முகம் சுருங்கியது. அப்போது மாப்பிள்ளையின் பெரியப்பா பொன்னுசாமி தொண்டையைச் செருமினார்.

பொன்னுசாமிப் பெரியப்பா அந்தக் குடும்பத்தின் பஞ்சாயத்துக்காரர். பாகப்பிரிவினையா, கிணற்றுத் தண்ணீரா, மருமகள் கோபித்துக்கொண்டு போனாளா, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே தீர்ப்புதான்: ஆளுக்குப் பாதி. மீசையை நீவிக்கொண்டே அன்றும் சொன்னார்.

"இதுல என்ன தகராறு? ஆளுக்குப் பாதி. பொண்ணு பி.ஏ. முடிச்சாச்சு இல்ல, அது உங்க பாதி. எம்.ஏ. வேணாம், அது எங்க பாதி. முடிஞ்சுபோச்சு. காப்பி எடுத்தாரச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள். என் அப்பாவும் ஆட்டினார். என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனவளே நான்தான்.

ஸ்ரீராம்புரத்தில் ஒண்டுக் குடித்தனத்தில் வந்து இறங்கினோம். சந்தில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று யார் வீட்டுக்குள்ளாவது போயாக வேண்டும். சுற்றிலும் தமிழ்தான். என் கணவர் நல்ல மனநிலையில் இருந்த ஒருநாள், "வேணும்னா படியேன்" என்றார். உடனே கிளம்பிப் போனேன். இந்த ஊர் யூனிவர்சிட்டி ஆபீசில் மைக்ரேஷன் சர்டிஃபிகேட் கேட்டார்கள். ஒரு யூனிவர்சிட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போக, பழைய இடம் உன்னை விட்டுவிட்டேன் என்று எழுதித் தரவேண்டுமாம். என் பழைய யூனிவர்சிட்டிக்கு எழுதினேன். எந்த யூனிவர்சிட்டியில் சேர்கிறாய் என்று அத்தாட்சி அனுப்பு, பிறகு தருகிறோம் என்று பதில் வந்தது. இங்கே வந்து அத்தாட்சி கேட்டால், முதலில் மைக்ரேஷன் கொண்டுவா என்றார்கள். கவுன்டரில் இருந்தவர் கன்னடக்காரர், ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் பாவம் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"மேடம், நீங்க வந்துட்டீங்க. உங்க டிகிரி இன்னும் வரலை."

அந்த ஆபீஸில் நான் கேட்ட ஒரே உண்மையான வார்த்தை அதுதான். கட்டில், பீரோ, குத்துவிளக்கு, அண்டா குண்டா என்று லாரியில் ஏற்றி அனுப்பிய என் அப்பாவுக்கு இந்த ஒரு தாளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பிறகு பிரபு பிறந்தான். சர்டிஃபிகேட் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போயிற்று. எந்தப் படிவத்தை நிரப்பினாலும் தாயின் தொழில் என்ற இடத்தில் ஹவுஸ் வைஃப் என்று என் கணவர் கேட்காமலே எழுதிவிடுவார்.

3

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஃபேக்டரியில் ஒரு பேச்சு கிளம்பியது. டிகிரி இல்லாதவர்களுக்கு ஆபீசர் கிரேடு கிடையாது. உடனே ஷிஃப்ட் முடிந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் டிஃபன் கேரியரும் கையுமாக ஈவினிங் காலேஜுக்கு ஓடினார்கள். என் கணவரும் மல்லேஸ்வரம் பக்கம் ஒரு காலேஜில், இப்போது பிரபு பகலில் படிக்கிற அதே காலேஜில், பி.ஏ. சேர்ந்தார். வரலாற்றை எடுத்தார். ஏனென்று கேட்டேன்.

"அது ஈஸிம்மா. ராஜா, சண்டை, வருஷம். அவ்வளவுதானே?"

நான் மூன்று வருஷம் ஹாஸ்டல் சோறு தின்று படித்தது அவ்வளவுதான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஈவினிங் காலேஜில் ஒரு வழக்கம் உண்டு. அசைன்மென்ட்டை மாணவர்கள் எழுதமாட்டார்கள். வீட்டில் யாருக்குக் கையெழுத்து அழகோ அவர்கள் எழுதுவார்கள். ஒருத்தருக்குப் பெண்டாட்டி, ஒருத்தருக்குத் தங்கை, ஒருத்தருக்கு ஒன்பதாவது படிக்கிற மகள். இது எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் போகும்போது, "உங்க வீட்டுக்கு எவ்ளோ மார்க் வந்துச்சு?" என்றுதான் கேட்டுக்கொள்வார்களாம். ஹிஸ்டரி லெக்சரர் மூர்த்தி சாருக்கும் தெரியும். அவருக்கு வேண்டியது வேறு. வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதவேண்டும். பச்சை ஸ்கெட்ச் பேனாவில் இரட்டை மார்ஜின். தலைப்புக்கு நிழல் விழுகிற மாதிரி எழுத்து. மேலே பிளாஸ்டிக் ஃபைல். அதைக் கையில் தூக்கிப் பார்த்து, கறிக்கடைக்காரர் எடை சொல்வது போல மார்க் போடுவார்.

பிரெஞ்சுப் புரட்சிக்கு நான் உயிரைக் கொடுத்து எழுதினேன். ரொட்டி விலை ஏறியதிலிருந்து ஆரம்பித்து, வரி கட்டியவன் யார், கட்டாதவன் யார் என்று பிரித்து எழுதினேன். என் கணவரின் நண்பர் ராமண்ணாவின் மனைவி, நெப்போலியன் படம் எங்கும் கிடைக்காமல், பிராந்தி பாட்டில் லேபிளில் இருந்த நெப்போலியனை வெட்டி முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். அவளுக்கு என்னைவிட இரண்டு மார்க் கூட.

"நீயும் ஒரு படம் ஒட்டியிருக்கலாமில்ல?" என்றார் என் கணவர். குற்றம் சொல்லவில்லை, பாவம். அக்கறையாகத்தான் கேட்டார்.

4

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தண்ணீருக்காக இந்த ஊர் பற்றி எரிந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். நீங்கள் பேப்பரில் படித்தீர்கள். நாங்கள் ஸ்ரீராம்புரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். கடைகள் இல்லை, பால் இல்லை. தெருமுனையில் இருந்த தமிழ்ப் பலகையை அதன் சொந்தக்காரரே ஏணி போட்டு ஏறிக் கழற்றிக்கொண்டு போனார். வீட்டுக்குள்ளும் மெதுவாகத்தான் பேசினோம். பிரபு சின்னப் பையன். தமிழில் கத்தி விளையாடினால் வாயைப் பொத்தினேன். அவன் எங்களோடு தமிழ் பேசுவதைக் குறைத்துக்கொண்டது அன்றிலிருந்துதான் என்று எனக்கு ஒரு எண்ணம். அவனைக் கேட்டால் அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்பான்.

இந்த நிலைமையில் என் கணவரின் கவலை வேறாக இருந்தது.

"வியன்னா அசைன்மென்ட் பாக்கி இருக்கு. காலேஜ் திறந்த அன்னிக்கே கேப்பாரு. நீ சும்மாதானே உக்காந்திருக்கே, எழுதிடேன்."

எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஞாபகமிருக்கிறது. வெளியே இரண்டு மாநிலம் ஒரு ஆற்றுக்கு அடித்துக்கொள்கிறது, நான் உள்ளே உட்கார்ந்து செத்துப்போன ராஜாக்களுக்கு ஐரோப்பாவைப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் இன்னொருத்தர் பெயரில், எடை போட்டு மார்க் தருகிற ஒரு மனிதருக்கு. பச்சை மார்ஜினை அன்று ரொம்ப அழகாகப் போட்டேன். நாலைந்து பக்கம் ஒழுங்காக எழுதினேன். சாக்ஸனி வந்தது. அந்த நாட்டை முழுசாக விழுங்க பிரஷ்யா ஆசைப்பட்டது, மற்றவர்கள் விடவில்லை, சண்டை மூளும் நிலைமை வந்தது. அங்கே பேனா நின்றது. இந்த ஆள் படிக்கிறாரா இல்லையா, பார்த்துவிடலாம் என்று தோன்றியது. தகராறைத் தீர்க்க எனக்குத் தெரிந்த ஒரே பஞ்சாயத்துக்காரரைக் கூப்பிட்டேன். பொன்னுசாமிப் பெரியப்பாவின் பெயரில் பாதியை வெட்டி, பாரன் பட்டம் கொடுத்து, ஆஸ்திரியாவுக்கு மந்திரியாக்கினேன். ஆளுக்குப் பாதி என்றார். எல்லா நாடுகளும் தலையாட்டின.

ஃபைல் திரும்பி வந்தபோது பாரன் பொன்னுஸ் பெயருக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு. பக்கத்தில் ‘வெரி குட்' என்று இருந்தது. வகுப்பிலேயே அதிக மார்க். மூர்த்தி சார் அதைத் திருப்பி வாங்கி டிபார்ட்மென்ட்டில் வைத்துக்கொண்டாராம். என் கணவர் மல்லேஸ்வரத்திலிருந்து அல்வா வாங்கி வந்தார். நான் பொன்னுஸ் விஷயத்தை அவரிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"வேற யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார். அதற்குப் பிறகு அல்வாவைச் சாப்பிட்டார்.

பரீட்சையை அவரே எழுதினார், அதில் நான் ஒன்றும் செய்ய முடியாது. கைடு வாங்கி, பத்து கேள்வியைக் குறிவைத்துப் படித்து, அதில் பாதி வந்து, தட்டுத் தடுமாறி மூன்றாம் வகுப்பில் தேறினார். அதற்கு வாடகைக் கறுப்பு அங்கி போட்டு எடுத்த ஃபோட்டோ இப்போது எங்கள் ஹாலில் தொங்குகிறது. ஊரிலிருந்து வருகிற நீங்கள் எல்லாம் வாயில் ஈ போவது தெரியாமல் அதைப் பார்க்கிறீர்கள். ஒருத்தர்கூட அதற்குக் கீழே நின்று காப்பி நீட்டுகிறவளைப் பார்த்து, நீ என்னம்மா படிச்சே என்று கேட்டதில்லை.

5

மொச்சைக் கையோடு ஹாலுக்குப் போனேன். என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"டேய், பாரன் பொன்னுஸ்ங்கிற பேரு எங்கேர்ந்துடா வந்துச்சு?"

"மூர்த்தி சார் நோட்ஸ்மா. அவர்தானே இப்போ எங்களுக்கு ஹெச்.ஓ.டி." பிரபுவின் முகம் மலர்ந்தது. "உனக்குத் தெரியாதில்ல? அந்த நோட்ஸே அப்பாவோட அசைன்மென்ட்தான்! மாடல் அசைன்மென்ட்னு சீனியர்ஸ் ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கறாங்க. நீ ஜெயராமன் மகனான்னு சார் கிளாஸ்ல எழுப்பிக் கேட்டாரு. எல்லாரும் கை தட்டினாங்க, தெரியுமா?"

ஜெராக்ஸைக் காட்டினான். ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். மார்ஜின் மங்கியிருந்தது, என் எழுத்து மட்டும் பிடிவாதமாக நின்றது. மேலே என் கணவர் பெயர். இத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகள் பொன்னுசாமிப் பெரியப்பாவை மனப்பாடம் செய்து டிகிரி வாங்கி எந்தெந்த ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார்களோ. ஒருத்தன், ஒரே ஒருத்தன், லைப்ரரிக்குப் போய் ஒரு புத்தகத்தைப் புரட்டியிருந்தால் போதும். லெக்சரரும் புரட்டவில்லை.

"அப்படி ஒரு ஆளே கிடையாதுடா" என்றேன்.

"சும்னிரும்மா" என்றான், பாதி கன்னடத்தில். "உனக்கு என்ன தெரியும் இதைப் பத்தி? அப்பா ஹிஸ்டரி பி.ஏ."

"நானும் ஹிஸ்டரி பி.ஏ.தான்."

"நீயா?" என்று சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. நான் ஹெலிகாப்டர் ஓட்டினேன் என்று சொல்லியிருந்தால் எப்படிச் சிரிப்பானோ அப்படி. அம்மா ஏதோ காலேஜ் போனாள் என்பது அவனுக்குத் தெரியும். என்ன படித்தாள் என்பது தெரியாது. சொல்லாமல் வளர்த்தது யார் என்று யோசித்தால் எனக்கு என் மீதும் எரிச்சல் வந்தது.

"என்னங்க, நீங்களே சொல்லுங்க."

பேப்பர் கீழே இறங்கவில்லை. "பழைய கதையெல்லாம் இப்போ எதுக்கு? பையனுக்கு நாளைக்கு டெஸ்ட். முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ஆபீசர் கிரேடு குரல்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பிரபுவின் பேனாவைப் பிடுங்கினேன். ஜெராக்ஸின் பின்பக்கத்தில், முன்பக்கத்தைப் பார்க்காமல், வியன்னா மாநாடு ஏன் கூடியது என்று இங்கிலீஷில் நாலு வரி எழுதினேன். வருஷக்கணக்கில் எழுதாத கை, முதல் வரி கோணிக்கொண்டது. இரண்டாவது வரியில் நேராகிவிட்டது. அவன் என் கையெழுத்தைப் பார்த்ததெல்லாம் மளிகைச் சீட்டில்தான். அது தமிழ், அவனுக்குப் படிக்க வராது.

தாளைத் திருப்பினான். மறுபடி திருப்பினான். அப்பாவின் பேப்பரைப் பார்த்தான். பேப்பர் ஆடவில்லை.

"அப்போ இந்த பொன்னுஸ்?"

"ஆரணியில மாலை போட்ட ஃபோட்டோ இருக்கே, உங்க பெரிய தாத்தா பொன்னுசாமி. அவர்தான்."

"அந்த மீசைத் தாத்தாவா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவன் சிரிப்பு மெல்ல நின்றது.

"நாளைக்கு என்னம்மா எழுதட்டும்? அந்தக் கேள்வி கண்டிப்பா வரும். அந்தப் பேருக்கு மட்டும் சார் ரெண்டு மார்க் தருவாரு."

"அதையே எழுது. ரெண்டு மார்க்கை எதுக்கு விடணும்?"

மனசறிந்துதான் சொன்னேன். அந்தக் காலேஜுக்கு அந்த மந்திரி போதும். சொல்லிவிட்டு மொச்சை பிதுக்கச் சமையலறைக்குத் திரும்பினேன். ஆனால் அவன் படிக்கப் போகவில்லை. கீழே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு கை மொச்சையை எடுத்துப் பிதுக்க ஆரம்பித்தான். பிதுக்கத் தெரியவில்லை, பருப்பு நசுங்கிக்கொண்டே இருந்தது.

"நிஜமா என்னதான் ஆச்சு?" என்றான்.

சொன்னேன். ஆளுக்குப் பாதி என்று யாரும் சமாதானமாகப் பிரித்துக்கொள்ளவில்லை, மூன்று நாடுகள் ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்து மிரட்டிய பிறகுதான் பிரஷ்யா இறங்கி வந்தது, கிடைத்தது பாதிகூட இல்லை, பங்கு போடப்பட்ட ஜனங்களை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சொன்னேன். அவன் கேட்டான், நான் சொன்னேன், அவன் மறுபடி கேட்டான். தமிழிலேயே கேட்டான். மொச்சை முழுவதும் பிதுக்கி முடியும் வரை உட்கார்ந்திருந்தோம். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் எடுத்த ஒரே வகுப்பு அது.

நேற்று டெஸ்ட் பேப்பர் கொடுத்துவிட்டார்கள். பிரபு செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்து என்னிடம் நீட்டினான். இருபதுக்குப் பதினெட்டு. சாக்ஸனி பத்தியில் நான் சொன்னதுதான் இருந்தது, அவன் வார்த்தைகளில். ஓரத்தில் மூர்த்தி சார் சிவப்பு மையில், ‘மந்திரியின் பெயர் எங்கே?' என்று எழுதியிருந்தார். நான் அதை இரண்டு தரம் படித்தேன். கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

ஹாலில் ஃபோட்டோவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த என் கணவர் குரல் கொடுத்தார்.

"எவ்வளவுடா?"

"பதினெட்டுப்பா."

"மிச்சம் ரெண்டு எங்கேடா போச்சு?"

"அம்மாவுக்குக் குடுத்துட்டேன்பா" என்றான் பிரபு.

ஹாலில் பேப்பர் பிரிகிற சத்தம் கேட்டது.